காத்து மெத்தை

தோணா ஓடையின் ஓரத்து ஒழுங்கைகளில் ஒரு பெண் மௌத்தாகிக் கண்ணை மூடினால் வீட்டுக்காரர் முதலில் பள்ளிவாசலுக்குச் சொல்வார்கள், அடுத்தது லைலாவுக்கு. பள்ளி ஒலிபெருக்கி பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே லைலா அபாயாவை மாட்டிக்கொண்டு, பழைய பால்மா டின் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாள். டின்னுக்குள் ஒரு கத்தரிக்கோல், கையில் மாட்டுவதற்குத் தைத்த துணிப்பைகள், பஞ்சு, காயவைத்த இலந்தையிலை. சாய்ந்தமருதில் இறந்த பெண்ணின் மையித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கூட்டி வர வேண்டும். லைலா தானாக வருவாள். வந்து, அழுகிற வீட்டில் அழாமல் நிற்பாள். அப்படி ஒருத்தி நிற்பதே வீட்டுக்காரருக்குப் பாதி ஆறுதல்.

அவளுடைய வாயைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இல்லை. அவளுடைய சிக்கனத்தைப் பற்றி அதைவிட மோசமான பேச்சு. மீன் கழுவின தண்ணி முருங்கைக்குப் போகும், அரிசி களைந்த தண்ணி ஆட்டுக்கு. கடையில் கொடுக்கிற சொப்பின் பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். கடற்காத்து வந்தால் அவை உப்பிக்கொண்டு வரிசையாக ஆடும். தெருவில் போகிறவர்கள், "என்ன லைலா லாத்தா, பள்ளிக் கந்தூரி மாதிரி உங்கட வீட்டுலயும் கொடியேத்தமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

"ஓம், நேர்ச்சச் சோறு தாறன், ஏனத்தோட வாங்க. பேக் தரமாட்டன்" என்பாள் லைலா.

புருஷன் மீராமுகைதீன் சவளக்கடைப் பக்கம் வயல்வட்டையில் வேலை செய்கிறவர். விதைப்புக்கும் வெட்டுக்கும் போனால் வயல்வாடியிலேயே தங்கிவிடுவார். வீட்டுக்கு வருகிற நாளில் கொடியைப் பார்த்துச் சொல்வார்: "இந்த வீட்டுல இன்னம் கழுவிக் காயப்போடாத சாமான் நான் ஒராள்தான்."

"உங்களக் கழுவினா காயிறத்துக்கு ஒரு மாசம் செல்லும். அதான் விட்டிரிக்கன்."

அவளுடைய இடது மணிக்கட்டில் வளையல் கிடையாது. ரப்பர் பட்டிதான். சாப்பாட்டுப் பார்சலில் வருவது, கறிவேப்பிலைக் கட்டில் வருவது, எல்லாம் அந்தக் கையில் ஏறிவிடும். தேவைப்பட்டால் ஒன்றைக் கழற்றுவாள், வேலை முடிந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வாள். பால்மாப் பையின் வாயைக் கட்டுவதும் அதுதான், தலைமுடியைக் கட்டுவதும் அதுதான்.

மையித்து வீட்டிலும் அதே கை, அதே புத்தி. ஒரு முறை ஒரு வீட்டு மருமகள், வேலை கெதியாக முடியட்டும் என்று முற்றத்து ஹோசை இழுத்துக்கொண்டு வந்தாள். லைலா ஹோசின் வாயைக் கட்டைவிரலால் பொத்தினாள்.

"மையித்து என்ன மோட்டச் சைக்கிளா புள்ள, ஹோஸ் புடிச்சி அடிக்கிறத்துக்கு? ஆத்துல நிண்டு தொழுகைக்கு ஒளு எடுத்தாலும் தண்ணிய அளவா எடு எண்ட மார்க்கம் இது. வாளியும் ஜொக்கும் கொண்டா."

மையித்தைச் சுற்றுகிற கபன் துணி வெட்டினால் மிஞ்சுகிற வெள்ளைத் துண்டுகளையும் அவள் விடமாட்டாள். மௌத்தானவரின் பொருள் வாரிசுகளுக்குச் சொந்தம், அவர்கள் வாயால் தந்தால்தான் ஹலால். அதனால் கேட்டுத்தான் எடுப்பாள். வீட்டுக்குக் கொண்டுபோய் சுடுதண்ணியில் அவித்து, காயவைத்து, மடித்து வைப்பாள். அந்தத் துண்டுகள் ஒரு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தது தங்கச்சி ஸகியாவின் முதுகுக்கு.

ஸகியாவுக்குப் பாரிசவாதம். ஒரு காலை நேரம் பாண் வாங்கப் போனவள் கடை வாசலிலேயே சரிந்தாள். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழும் இடக்கையும் வரவில்லை. பேச்சு கொழகொழத்துத்தான் வரும். புருஷன் மீராசா ஆழ்கடல் போட்டில் போகிறவன். கடலுக்குப் போனால் எப்போது திரும்புவான் என்று கடலுக்குத்தான் தெரியும். மகள் முஸ்பிறா படிப்பை விட்டுவிட்டு உம்மாவைப் பார்த்துக்கொண்டாள். நாலு வீடு தள்ளி இருந்த லைலா காலையும் பின்னேரமும் போய், இரண்டு பேருமாகத் தூக்கிப் புரட்டிவிடுவார்கள். அப்படிப் பார்த்தும் இடுப்பில் ஒரு சிவப்பு விழுந்தது. சிவப்பு கறுத்தது, கறுத்தது திறந்துகொண்டது.

கிளினிக்கில் காயம் கழுவுகிற நேர்ஸ் ஒளிக்காமல் சொன்னாள்.

"அக்கா, மருந்து மட்டும் காணாது. ஒரே இடத்தில பாரம் விழுந்தா இது ஆறாது. காத்து மெத்தை எண்டு ஒண்டு இருக்கு. மோட்டர் ஓட ஓட அதில உள்ள குழாயெல்லாம் மாறி மாறி உப்பும், வத்தும். அதில படுத்தா எந்த இடமும் நசியாது. எப்பிடியாவது ஒண்டு பாருங்க."

லைலா பார்த்தாள். கொழும்பில் கிடைக்கும் என்றார்கள். கொழும்பில் கிடைக்கிற சாமான் சாய்ந்தமருதில் விலை கேட்பதற்கு மட்டும்தான். ஆஸ்பத்திரியில் இருந்தது வார்ட்டில் கிடந்தவர்களுக்கே காணவில்லை. மீராசா, "அடுத்த வாட்டி நல்ல மீன் பட்டா" என்று சொல்லிச் சொல்லிப் போனான்.

அந்த நோன்பு மாதத்தில்தான் லைலாவின் வாயை ஒருத்தி அடைத்தாள். பெரிய வீதியில் ஒரு மௌத்து. குளிப்பாட்டிக் கபனிட்டு முடிந்ததும், அறை மூலையில் நோயாளிக்குக் கட்டுகிற பம்பர்ஸ், உடைக்காத பக்கெட் இரண்டு கிடந்ததை லைலா கண்டாள். ஸகியாவுக்கு ஆகும் என்று வீட்டு மகளிடம் கேட்டாள். மகள் பதில் சொல்லும் முன்பு, மௌத்தானவவின் மச்சாள் மூக்கைத் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"இவ மையித்துக் குளிப்பாட்ட வாறாவா, மூட்ட கட்ட வாறாவா?"

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். ஆரையும் ஒரு சொல்லில் கவிழ்க்கிற லைலா அன்றைக்குத் துணிப்பைகளை மடித்து டின்னுக்குள் போட்டு மூடினாள். டின்னை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பம்பர்ஸ் இரண்டும் அடுத்த நாள் தோணாவில் மிதந்ததை முஸ்பிறா கண்டாள். தோணா ஊருக்கு நடுவே கிடந்து கடலுக்குப் போகிற ஓடை. மழைத்தண்ணி வடியத்தான் அல்லாஹ் அதைத் தந்தான். ஊரார் அதற்கு வேறு வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சரீபா உம்மா மௌத்தானா. நெல் ஆலைக்காரர் வீடு. மகன் நளீருக்கு அக்கரைப்பற்றில் அரிசி வியாபாரம். சரீபா உம்மா ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தவ. மருமகள் ஷாஹினா குறை சொல்ல முடியாதபடி பார்த்தாள். லைலா போகும்போது வீடு நிறைய ஆட்கள். பின்பக்கம் சாரிகளைக் கட்டி மறைப்பு எடுத்து, பள்ளியில் இருந்து வந்த பலகையைப் போட்டிருந்தார்கள். கட்டிலை அவசரமாகக் காலி செய்ததில், மெத்தையைத் தூக்கிப் பின் விறாந்தையில் சுவரோடு சாத்தி வைத்திருந்தார்கள். வயர் அறைக் கதவு வழியாக இழுபட, அதன் மோட்டரை யாரும் நிறுத்தவில்லை. ர்ர்ர் என்று ஓடிக்கொண்டே இருந்தது. குழாய்கள் ஒன்று உப்ப ஒன்று வற்ற, சுவரில் சாய்ந்துகொண்டு ஏதோ ஒரு உயிர் மூச்சு வாங்குவது போல இருந்தது.

லைலா பிஸ்மி சொல்லி வேலையைத் தொடங்கினாள். இலந்தையிலைத் தண்ணியால் வலப்பக்கம் கழுவி, இடப்பக்கம் கழுவி, முதுகு தேய்க்க மெல்லச் சரித்தபோது அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அத்தனை காலம் கிடந்த மனுசியின் முதுகில் ஒரு கீறல் இல்லை. பிறந்த பிள்ளையின் முதுகு போல இருந்தது.

"என்ன லாத்தா?" என்றாள் தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற ஷாஹினா.

"ஒண்டுமில்ல. ஊத்துங்க. அளவா ஊத்துங்க."

குளிப்பாட்டுகிறவளுக்கு ஒரு கடமை உண்டு. மையித்தின் உடம்பில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது. நல்லதைச் சொல்லலாம். லைலா ஊரில் உள்ள கதையெல்லாம் கதைப்பாள், அந்தப் பலகையில் கண்டதை மட்டும் மீராமுகைதீனிடம்கூடக் கதைத்ததில்லை. இது நல்ல செய்திதான், சொல்லலாம். சொன்னால் அடுத்த சொல் மெத்தையைப் பற்றித்தான் வரும். மூட்டை கட்ட வந்தவள் என்ற சொல்லும் பின்னாலேயே வரும்.

ஆண்கள் மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். வீட்டில் அழுகை ஒரு முறை உயர்ந்து அடங்கியது. லைலா பலகையைக் கழுவிச் சாத்திவிட்டு விறாந்தைக்கு வந்தாள். மோட்டர் இன்னும் ஓடியது. கரண்ட் வீணாகப் போகிறதே என்று சுவிட்சை அமத்தினாள். மோட்டர் நின்றதும் மெத்தை மெல்ல வதங்கத் தொடங்கியது. அது வதங்குவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. மெத்தையில் இருந்து மோட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி, இரண்டாக மடித்து, மணிக்கட்டில் இருந்து ரப்பர் பட்டிகளைக் கழற்றி இறுக்கிச் சுற்றினாள். வதங்கியது நின்றது. மடிப்பு விழாமல், வெடிப்பு வராமல், யாருக்காவது ஆகிறவரை அப்படியே இருக்கட்டும். யாருக்கு என்று அவள் வாய் சொல்லவில்லை. பட்டி இல்லாத மணிக்கட்டு இலேசாக இருந்தது.

ஷாஹினா வந்து தோளில் சாய்ந்து அழுதாள். "நல்லபடியா அனுப்பி வெச்சிட்டீங்க லாத்தா. உங்களுக்கு என்ன செய்யிற எண்டு தெரியா."

கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் அல்லாஹ் தரமாட்டான். சொல் நாக்கு நுனிவரை வந்தது. லைலா விழுங்கிவிட்டாள்.

"மூணாம் நாள் கத்தம் ஓதக்குள்ள வாறன் மகள். இப்ப நீங்க ஒரு வாய் வெறும் தேத்தண்ணி குடிங்க."

ஸகியா வீட்டுக்குப் போய் மெத்தையைக் கண்ட செய்தியைச் சொன்னபோது முஸ்பிறா எழுந்து நின்றுவிட்டாள்.

"கையோட கேட்டிரிக்கலாமே பெரியம்மா!"

"மையித்து கபுறுக்குள்ள போகல்ல, அதுக்குள்ள மெத்தயக் கேக்கவா? மூணாம் கத்தம் முடியட்டும். எங்க போகப் போகுது? சுவருல சாத்திக்கிட்டு நிக்கிது. நான் காத்தும் போகாமக் கட்டிட்டு வந்திரிக்கன்."

ஸகியாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். கோணின வாயால் கேட்டாள்: "காத்துலயா... என்னப் படுக்க வெக்கப் போறீங்க? பறந்துட்டா?"

"பறந்தா கால்ல நூல் கட்டிப் புடிப்பன். கடற்கரைக்குக் கொண்டு போய் விடுவன், ஊரெல்லாம் பாக்கட்டும்."

ஸகியா சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கும். வலித்தும் சிரித்தாள்.

மூன்றாம் நாள் லைலா கத்த வீட்டுக்குப் போனாள். ஓதி முடிந்து சாப்பாடு நடந்தது. ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு லஞ்ச் சீட், ஒரு தண்ணிப் போத்தல், ஒரு வட்டிலப்பக் கப். எழும்பினவர்கள் பாதிச் சோற்றோடு சீட்டைச் சுருட்டிக் கறுப்புப் பையில் போட்டார்கள். முற்றத்து மூலையில் பை மலையாகிக்கொண்டிருந்தது. வேறு நாளென்றால் லைலா அந்த மலையைப் பார்த்துச் சும்மா இருந்திருக்க மாட்டாள். அன்றைக்கு அவள் கண் பின் விறாந்தையைத் தேடியது. விறாந்தை கழுவித் துடைத்து வெறுமையாகக் கிடந்தது.

ஷாஹினாவை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள்.

"மகள், ஒரு கத. மாமிட அந்தக் காத்து மெத்தய என்ன செய்யப் போறீங்க?"

"அதா லாத்தா? அத அடுத்த நாளே போட்டாச்சே."

"போட்டாச்சா?"

"அவருக்கு அதப் பாக்கப் பாக்க அழுக வருது. உம்மாட மூச்சு மாதிரி இரிக்கி எண்டாரு. வீடு கழுவ வந்த ஆக்களுக்கிட்டச் சொல்லித் தோணாப் பக்கம் கொண்டு போய்ப் போட்ட. அதுவும் லேசுல போகல்ல லாத்தா, பெரிய கரச்சல். மடிக்கப் போனா மடியிதில்ல. காத்துப் போகுதே இல்ல, உள்ளுக்கு என்னத்தையோ வெச்சி அடச்ச மாதிரி. எப்புடித் திறக்கிற எண்டு ஒத்தருக்கும் விளங்கல்ல. கடைசியா மீன் வெட்டுற கத்தியாலக் கீறித்தான் சுருட்டின."

லைலாவின் வலது கை போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

ஷாஹினா அவள் முகத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு விளங்கியது. "ஸகியா லாத்தாக்கா? யா அல்லாஹ்... லாத்தா, அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே! ரெண்டு கையாலயும் தூக்கித் தந்திரிப்பனே!"

சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் விஷயம். பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, கையால் ரப்பர் பட்டி சுற்றிவிட்டு வந்திருக்கிறாள்.

மோட்டர் மட்டும் வீட்டில் இருந்தது. ஷாஹினா அதை ஓடிப்போய் எடுத்துவந்து தந்தாள். லைலா அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் தோணாவுக்குப் போனாள். செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். குரும்பைக் கோம்பை, கோழி இறகு, பெருநாளில் அறுத்த மாட்டின் குடல் கட்டின பைகள். அவற்றுக்குக் கீழே மெத்தை சுருண்டு கிடந்தது. ரப்பர் பட்டிகள் குழாயில் அப்படியே இருந்தன, இறுக்கம் விடாமல். கத்தி மேலிருந்து கீழாக ஒரே இழுவையில் போயிருந்தது.

பாலத்தில் நின்ற ஒருவர் கத்தினார்: "என்ன லைலா, தோணாவுலயும் மூட்ட கட்டத் தொடங்கிட்டியா?"

அவள் தலையைத் தூக்காமல் மெத்தையை இழுத்துச் சுருட்டித் தோளில் போட்டாள்.

வட்டையில் இருந்து மீராமுகைதீனைக் கூப்பிட்டாள். அவர் சைக்கிள் பெச்சும் பசையும் அரத்தாளும் வைத்துக்கொண்டு முற்றத்தில் குந்தினார். ஒவ்வொரு குழாயாகத் துடைத்து, உரசி, ஒட்டி, தண்ணி வாளியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். அன்றைக்கு அவர் ஒரு பகிடியும் விடவில்லை.

"டியூபுக்கு ஒட்டுற பசை இதுக்குப் புடிக்கிதில்ல லைலா. சிலது நிக்கிது, சிலது நிக்கிதில்ல."

"நிக்கிறது போதும். போட்டுப் பாப்பம்."

போட்டார்கள். மோட்டர் ஓடியது. ஒட்டுப் பிடித்த குழாய்கள் மரம் மாதிரி எழும்பி நின்றன, பிடிக்காதவை பள்ளமாகக் கிடந்தன. ஸகியா அந்தப் பள்ளத்துக்குள் உருண்டு, எழும்பின குழாயின் விளிம்பில் புண் அமுங்க, கத்தினாள். கத்தும்போது அவளுக்குப் பேச்சு கொழகொழப்பதில்லை. முஸ்பிறா ஓடிப்போய்ச் சுவிட்சை அமத்தினாள். மூன்று பேருமாகத் தூக்கிப் பழைய பஞ்சு மெத்தையிலேயே போட்டார்கள்.

"பரவால்ல லாத்தா," என்றாள் ஸகியா மூச்சு வாங்கிக்கொண்டு. "எனக்குப் பறக்க... விருப்பமில்ல."

அதற்குப் பிறகு லைலா தன் வீட்டுக்குத் தூங்கப் போகவில்லை. தண்ணிப் போத்தல்களில் தண்ணி நிரப்பித் துணி சுற்றிக் காலுக்குக் கீழே வைத்தாள். பழைய சாரிகளைச் சுருட்டி முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள். கபன் துண்டுகளை அவித்து அவித்துக் கட்டினாள். ஷாஹினா வெட்கத்தோடு வந்து மருந்தும் பஞ்சும் தந்துவிட்டுப் போனாள். புதுசாக ஒரு மெத்தைக்குச் சொல்லியிருப்பதாகவும், வர நாளாகும் என்றும் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. மெத்தை வரத்தான் செய்தது. மாரி மழை பிடித்து, தோணா அடைபட்டு, ஒழுங்கையில் முழங்கால் தண்ணி நின்ற நேரம், காய்ச்சல் கண்ட ஸகியாவை ட்ராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புண் வழியாகக் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டொக்டர். மெத்தை வந்த பெட்டியை ஷாஹினா ஸகியா வீட்டு வாசலில் இறக்கியபோது, உள்ளே லைலா பால்மா டின்னைத் திறந்து இலந்தையிலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

வேறு யாரையாவது கூப்பிடுவோம் என்று பெண்கள் சொன்னார்கள். லைலா கேட்கவில்லை. முஸ்பிறா வாளியும் ஜொக்குமாக நின்றாள். கட்டியிருந்த வெள்ளைத் துண்டுகளை லைலா ஒவ்வொன்றாக நனைத்து அவிழ்த்தாள். அந்தப் பலகையில் அவள் என்ன கண்டாள் என்பது அவளோடு இருக்கிறது. அதை எழுதுவதும் கூடாது.

முதுகைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். வாளி முடிந்து வேறு வாளி வந்தது. மார்க்கம் சொன்ன கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. முஸ்பிறா ஜொக்கோடு அவள் கையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, தண்ணி காணும், போதும்."

லைலா நின்றாள். பலகையில் இருந்து வடிந்த தண்ணி மழைத்தண்ணியோடு கலந்து, முற்றத்தைத் தாண்டித் தோணாவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. "ஓம்," என்றாள். "காணும். கற்பூரத்தண்ணியக் கொண்டா."

வெளியே வந்ததும் ஒரு பெண் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டாள்: "புண் நல்லாப் பெருத்துத்தாமே லைலா? முதுகு எப்புடிகா இரிந்திச்சி?"

உள்ளதைச் சொல்லியிருந்தால் ஊரில் ஒருத்தியும் இனிமேல் ஒரு மெத்தையையும் தோணாவில் போடமாட்டாள். அந்த ஒரு கதையை மட்டும் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை.

"முகம் நல்லா இரிந்திச்சி," என்றாள் லைலா. "வெளிச்சமா இரிந்திச்சி."

புது மெத்தையை ஷாஹினா திருப்பி எடுக்கவில்லை. மருதமுனையில் இடுப்பு முறிந்து கிடந்த ஒரு கிழவருக்கு அதை லைலாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். கிழிந்த மெத்தை அவளுடைய வீட்டுக் கூரை வளையில் தொங்குகிறது. ஒரு முறை முஸ்பிறா, "கோழிக் கூட்டுக்கு மேலால போடட்டா பெரியம்மா, மழைக்கு நல்லம்" என்று கேட்டாள். "அது இரிக்கட்டும்" என்றாள். அந்த வீட்டில் ஒன்றுக்கும் உதவாமல் இருக்கிற சாமான் அது ஒன்றுதான்.

மாரி ஓய்ந்த பிறகு பள்ளி வீதியில் ஒரு மௌத்து. வயசான உம்மா. சீனி வியாதியில் கால் எடுத்தவ. லைலா போனாள். மறைப்புக் கட்டியாகிவிட்டது, தண்ணி காய்ந்துவிட்டது, இரண்டு மகள்மாரும் மருமகளும் பலகையைச் சுற்றி நின்றார்கள். லைலா துணிப்பையைக் கையில் மாட்டினாள். ஜொக்கைத் தண்ணியில் முக்கினாள். ஊற்றவில்லை.

"ஊத்த முந்தி ஒரு கேள்வி," என்றாள், வெளியே நின்றவர்களுக்கும் கேட்க. "உம்மாட சில்லுக் கதிர, கக்கூசிக் கதிர, பாவிக்காத மருந்து, பம்பர்ஸ். இதெல்லாம் என்ன செய்யப் போறீங்க?"

மூத்தவள் அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்தாள். மறைப்புக்கு அப்பால் ஒரு குரல் வந்தது:

"பாத்தீங்களா? மையித்து இன்னம் நனையல்ல, மூட்ட கட்ட வந்துட்டா."

லைலா திரும்பவில்லை. "ஓம்கா, மூட்ட கட்டத்தான் வந்தன். குளிப்பாட்டவும் வந்தன். மூட்ட முதல்ல. மையித்தச் சுணக்கப்படாது, அதால கெதியாச் சொல்லுங்க. மாளிகைக்காட்டுல ஒரு புள்ள கதிர இல்லாம நிலத்துல இழுபடுது. நாளைக்கு நீங்க இதுகளத் தோணாவுல போட்டா நான்தான் இறங்கி எடுக்கணும். இறங்கினன், எனக்கு வழி தெரியும். இண்டைக்கே தந்தா எனக்குக் கால் கழுவுற தண்ணி மிச்சம்."

மூத்தவள் தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சி தலையாட்டினாள்.

"எடுங்க லாத்தா."

"தலையாட்டினாப் போதாது. வாரிசு எல்லாரும் வாயாலச் சொல்லணும். வெளிய இரிக்கிற மகனுக்கும் சொல்லி அனுப்புங்க."

ஒரு பிள்ளை ஓடிப்போய் ஓடிவந்தது. மகன் ஹலாலாக்கிவிட்டார் என்றது. இரண்டு மகள்மாரும் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகச் சொன்னார்கள். வெளியே கதிரையின் கால் முற்றத்துச் சீமெந்தில் உரசும் சத்தமும், அதை ஏற்றிக்கொண்டு முச்சக்கரவண்டி ஒன்று ஸ்டார்ட் ஆகும் சத்தமும் கேட்டன.

லைலா அது கேற்றைத் தாண்டும்வரை காது கொடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு பிஸ்மி சொல்லி, வலப்பக்கத்தில் இருந்து, அளவாக ஊற்றத் தொடங்கினாள்.